வாசகர் கேள்வி-பதில்: தேசியக் கொடி, முடிச்சிலிருந்து சக்கரம் வரை

சுதந்திர தினத்தையொட்டி நம் தேசியக் கொடியைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

சென்ற குடியரசு தினத்தன்று விருந்தினர் கயிற்றை இழுத்தும் கொடி விரியவில்லை. இறக்கி, அவசரமாகக் கட்டி மறுபடி ஏற்றினோம். பச்சை மேலே வந்துவிட்டது. எங்கே தவறு? எங்கள் 20 அடிக் கம்பத்துக்கு எந்த அளவுக் கொடி சரி?
உடற்கல்வி ஆசிரியர், மணப்பாறை

இரண்டுமே கட்டும்போது நேர்கிற பிழைகள். தலைகீழாவதற்கு முதல் காரணம், மலிவான கொடிகளில் மேல் முனையும் கீழ் முனையும் ஒன்றுபோல இருப்பது. முறைப்படி தைத்த கொடியில் கம்பத்தையொட்டிய பட்டைக்குள் கயிறு ஓடும். காவிப் பக்க முனையில் ஒரு மரக்குமிழ் இருக்கும். அந்தக் குமிழைக் கம்பக் கயிற்றின் கண்ணியில் மாட்டினால் காவி மேலேதான் போகும். உங்கள் கொடியில் குமிழ் இல்லையென்றால், காவிப் பக்கக் கயிற்று முனையில் முதல் நாளே ஒரு காவி நூலைச் சுற்றி வையுங்கள். கொடித் துணியில் பேனாவால் குறியிட வேண்டாம்; கொடியின் மேல் எழுத்தோ குறியோ எதுவும் இருக்கக் கூடாது.

இனி முடிச்சு. கொடியைத் தரையில் அல்ல, சுத்தமான மேசையில் விரியுங்கள். நீளவாக்கில் ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, பறக்கும் ஓரத்திலிருந்து கயிறு ஓடும் பட்டையை நோக்கிச் சுருட்டி வாருங்கள். பூவிதழ் வைப்பதற்குக் கொடி நெறிமுறையில் தடை இல்லை. ஆனால் ஒரு கைப்பிடிக்குள் நிறுத்துங்கள். ஈர ரோஜா இதழ் வெள்ளைப் பட்டையில் கறை பிடிக்கும், துணியோடு துணியை ஒட்டவும் வைக்கும். பச்சைப் பகுதியின் கீழ் முனையிலிருந்து தொங்கும் கயிற்றைச் சுருளின் மேல் இரண்டே சுற்று சுற்றுங்கள். பிறகு அதே கயிற்றை இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை மட்டும் சுற்றுக்கு அடியில் செருகுங்கள். முனை முழுவதையும் உள்ளே விட்டு இழுத்துவிட்டால் அது சாதாரண முடிச்சாகிவிடும்; எத்தனை பேர் இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாது. உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கீழே நிற்பவர் கையில் இரண்டு கயிறுகள் இருக்கும். ஒன்று கப்பி வழியாகக் கொடியை மேலே இழுத்த கயிறு, மற்றது கொடியின் அடியிலிருந்து தொங்குகிற கயிறு. விரிப்பதற்கு இழுக்க வேண்டியது இரண்டாவதை. முதல் கயிற்றை இழுத்தால் சுருள் கப்பியில் போய் முட்டி இறுகிக்கொள்ளும். ஆகவே கொடி உச்சிக்குப் போனதும் முதல் கயிற்றைக் கம்பத்துக் கொக்கியில் எட்டுப் போடுவதுபோலச் சுற்றிக் கட்டிவிட்டு, மற்றதை மட்டும் விருந்தினர் கையில் கொடுங்கள். பருத்திக் கயிறு இரவுப் பனியில் நனைந்தால் பருத்துவிடும், மடிப்பு உருவி வராது. கயிற்றைக் காலையில் மாட்டுங்கள். வழுவழுப்பான நைலான் கயிறு இதற்கு நேர் எதிர், பாதி வழியிலேயே அவிழும். முதல் நாள் மாலை கொடி அளவுள்ள ஒரு சாதாரணத் துணியைக் கட்டி ஒரு தடவை ஒத்திகை பார்த்தால் கப்பி துருப்பிடித்திருப்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, கம்பத்தின் உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொடியின் நீளமாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். இது பழக்கத்தில் வந்த கணக்கு, சட்டம் அல்ல. 20 அடிக்கு 1350 × 900 மில்லிமீட்டர் கொடி பொருந்தும். விரைவாக ஏற்ற வேண்டும், இறக்கும்போது நிதானமாக இறக்க வேண்டும். ஒருவேளை தலைகீழாக ஏறிவிட்டால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே இறக்கி, திருத்தி ஏற்றுவதுதான் கொடிக்குச் செய்யும் மரியாதை.

காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு என்று சிலரும், தியாகம், அமைதி, செழிப்பு என்று பாடப் புத்தகத்திலும் சொல்கிறார்கள். எது சரி?
கல்லூரி மாணவி, காரைக்குடி

இரண்டும் வெவ்வேறு காலத்து விளக்கங்கள். ஆண்டுகளைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

1921-ல் பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், அகில இந்திய காங்கிரஸ் குழு கூடியபோது மசூலிப்பட்டினம் பகுதியைச் சேர்ந்த பிங்கலி வெங்கையா ஒரு கொடி மாதிரியைக் காந்தியிடம் கொடுத்தார். சிவப்பு, பச்சை என்று இரண்டே நிறங்கள். அவை இரண்டு பெரிய சமூகங்களைக் குறித்தன. ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ் இராட்டையைச் சேர்க்கச் சொன்னார். மற்றச் சமூகங்களுக்காக வெள்ளையையும் சேர்க்க வேண்டும் என்றார் காந்தி. இப்படி உருவான கொடியில் வெள்ளை மேலே, பச்சை நடுவில், சிவப்பு அடியில். மூன்றையும் தொட்டுக்கொண்டு ஓர் இராட்டை. சமூக விளக்கம் உண்மையிலேயே இருந்தது, ஆனால் இந்தக் கொடிக்கு. இதில் காவியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த விளக்கமே சிக்கலையும் கொண்டுவந்தது. நிறம் சமூகத்தைக் குறிக்கிறதென்றால் எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1931-ல் கராச்சி மாநாட்டுக்குப் பின் ஏழு பேர் கொண்ட குழு இதை ஆராய்ந்தது. கொடி முழுவதும் ஒரே காவி நிறம், கம்பத்தையொட்டிய மேல் மூலையில் இராட்டை என்பது குழுவின் பரிந்துரை. காங்கிரஸ் குழு அதை ஏற்கவில்லை. 1931 ஆகஸ்டில் பம்பாயில் காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையும் நடுவில் இராட்டையும் முடிவாயிற்று. நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். காவி துணிவையும் தியாகத்தையும், வெள்ளை அமைதியையும் உண்மையையும், பச்சை நம்பிக்கையையும் வீரத்தையும் குறிக்கும் என்பது அன்று தந்த விளக்கம். சிவப்பு காவியானது, வரிசை மாறியது, பொருளும் மாறியது.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானத்தை முன்மொழிந்தார். ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை சம அளவில், நடுவில் கடல்நீலச் சக்கரம், அகலமும் நீளமும் 2-க்கு 3 என்பதோடு அது முடிகிறது. எந்த நிறத்துக்கும் அதில் பொருள் எழுதப்படவில்லை. அன்று சபையில் பேசிய டாக்டர் ராதாகிருஷ்ணன்தான் அழகான ஒரு விளக்கம் தந்தார். காவி பற்றற்ற நிலை: தலைவர்கள் ஆதாயம் கருதாமல் உழைக்க வேண்டும். வெள்ளை ஒளி, உண்மையின் வழி. பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. மற்ற உயிர்களெல்லாம் அந்தப் பயிரை நம்பித்தான் இருக்கின்றன. திருத்தணியில் பிறந்தவர் சொன்ன இந்த விளக்கம்தான் சுருங்கிச் சுருங்கி உங்கள் பாடப் புத்தகத்துக்கு வந்திருக்கிறது. சுருக்கியதில் "பற்றின்மை" என்ற முக்கியமான சொல் விழுந்துவிட்டது எங்களுக்கு வருத்தம்தான்.

தேர்வில் எழுதுவதென்றால் பாடப் புத்தகப்படியே எழுதுங்கள். ஆனால் இன்றைய காவியையும் பச்சையையும் இரண்டு மதங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, 1931-லேயே வேண்டுமென்றே கைவிட்ட ஒரு விளக்கத்தை மறுபடி தூக்கிவருவது.

இராட்டையை எடுத்துவிட்டுச் சக்கரம் வைத்தது ஏன்? 24 ஆரங்களுக்கு 24 நற்குணங்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

முதல் கேள்விக்கான பதில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கொடிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. இரண்டிலும் சின்னம் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். இராட்டையை எடுத்துக்கொண்டால் ஒரு முனையில் பெரிய சக்கரம், மறு முனையில் நூல் சுற்றும் கதிர். கொடியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அது இடம் வலம் மாறித் தெரியும். நேரு சபையில் இந்தச் சிரமத்தை விளக்கினார். இராட்டையின் முக்கிய உறுப்பான சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அசோகர் காலச் சக்கரத்தின் வடிவத்தைக் கொடுத்தார்கள். தீர்மானத்தின் வாசகத்திலேயே "இராட்டையைக் குறிக்கும் சக்கரம்" என்றுதான் இருக்கிறது. ஆகவே இராட்டையை எடுத்துவிட்டார்கள் என்பது முழு உண்மை அல்ல.

வடிவம் சாரநாத் சிங்கத் தூணிலிருந்து வந்தது. நான்கு சிங்கங்களும் நிற்கும் வட்டப் பீடத்தைச் சுற்றி யானை, காளை, குதிரை, சிங்கம் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு இடையிடையே சக்கரங்கள். அந்தச் சக்கரத்தின் ஆரங்கள் 24. சிற்பத்தில் 24 இருந்தது, கொடிக்கும் 24 வந்தது, அவ்வளவுதான். நற்குணப் பட்டியல் எதுவும் தீர்மானத்திலும் இல்லை, கொடி நெறிமுறையிலும் இல்லை. நாளின் 24 மணி நேரம் என்பதும் அப்படியே. பட்டியலில் இருப்பவை நல்ல குணங்கள்தான், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். "அரசு அறிவித்த பொருள்" என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சக்கரத்தின் பொருளாக ராதாகிருஷ்ணன் சொன்னது இரண்டு: ஒன்று அறம், மற்றொன்று இயக்கம். தேங்கி நிற்பது சாவு, நகர்வதே வாழ்வு என்ற கருத்தில் பேசினார்.

திருப்பூர் குமரன் கையில் இருந்தது இதே கொடியா? பள்ளி நாடகத்துக்குத் தயாராகிறோம்.
ஆசிரியை, சென்னிமலை

இல்லை. குமரன் தடியடிபட்டது 1932 ஜனவரி 10, உயிர் நீத்தது மறுநாள். அப்போது காங்கிரசின் அதிகாரபூர்வமான கொடி, ஐந்து மாதம் முன்பு முடிவான காவி-வெள்ளை-பச்சை, நடுவில் இராட்டை. அசோகச் சக்கரம் கொடிக்கு வந்தது 15 ஆண்டுகளுக்குப் பிறகு. நாடகங்களிலும் சுவரோவியங்களிலும் குமரன் கையில் அசோகச் சக்கரக் கொடியைக் கொடுத்துவிடுகிறோம். அவர் உயிரைக் கொடுத்தது எந்தக் கொடிக்கோ அதையே மேடையிலும் கொடுப்போமே. வெள்ளைப் பட்டையில் நீல நிறத்தில் இராட்டையை வரையுங்கள்: பெரிய சக்கரம் ஒரு பக்கம், கதிர் மறுபக்கம், இரண்டையும் இணைக்கும் அடிக்கட்டை. அதே மாதம் 26-ம் தேதி சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிக் கொடி கட்டிய ஆர்யா என்ற பாஷ்யத்தையும் நாடகத்தில் சேர்த்தால் அவருக்கும் இராட்டைக் கொடிதான்.

அதற்கு முந்தைய காட்சி வேண்டுமானால், 1917-ல் அன்னி பெசன்ட்டும் திலகரும் நடத்திய சுயாட்சி இயக்கத்தின் கொடி வேறு மாதிரி. ஐந்து சிவப்பு, நான்கு பச்சைப் பட்டைகள் மாறி மாறி, அவற்றின் மேல் ஏழு விண்மீன்கள். மூலையில் பிரிட்டிஷ் கொடியும் இருந்தது. அன்று கேட்டது முழு விடுதலையை அல்ல, பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சியை.

கொடி தைத்து விற்க ஆர்டர் வந்திருக்கிறது. 3-க்கு 2 அடி அளவு, பாலியெஸ்டர் துணி. சக்கரம் எவ்வளவு பெரிது? அரசு அனுமதி வேண்டுமா?
தையற்கூட உரிமையாளர், ஈரோடு

முதலில் துணி. 2021 டிசம்பர் 30 வரை கையால் நூற்று, கையால் நெய்த பருத்தி, கம்பளி, பட்டுக் கதர் மட்டுமே செல்லும். அன்று வந்த திருத்தத்துக்குப் பிறகு இயந்திரத்தில் நெய்ததும் பாலியெஸ்டரும் அனுமதிக்கப்பட்டுள்ளன. தர முத்திரையோடு அரசு அலுவலகங்களுக்கு விற்கும் கதர்க் கொடி வேறு வழி. அதற்குத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் வேண்டும். ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் உள்ள கர்நாடகக் கதர் கிராமத் தொழில் கூட்டுச் சங்கம் 2006-ல் அந்தச் சான்றைப் பெற்று இந்தக் கொடிகளைத் தயாரித்து வருகிறது. இந்தியத் தர வரிசையில் ஒன்றாம் எண் தேசியக் கொடிக்குத்தான் தரப்பட்டிருக்கிறது என்பது தொழில் செய்கிற உங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

உங்கள் ஆர்டருக்கு நெருக்கமான முறையான அளவு 900 × 600 மில்லிமீட்டர். ஒவ்வொரு பட்டையும் 200. சக்கரத்தின் விட்டம் 185. அதாவது வெள்ளைப் பட்டையின் மேல் விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஏழரை மில்லிமீட்டர், கீழேயும் அதே அளவு இடைவெளி. சந்தையில் கிடைக்கும் கொடிகளில் சக்கரம் பட்டையில் பாதியாகச் சுருங்கியிருக்கும், அல்லது காவியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் தவறு. 1350 × 900-க்கு விட்டம் 280, 1800 × 1200-க்கு 370.

வெட்டும்போது நடக்கிற தவறு ஒன்று உண்டு. மூன்று துணிகளையும் சரியாக 200-க்கு வெட்டித் தைத்தால் வெள்ளை மட்டும் குறுகிப்போகும், ஏனென்றால் அதற்குத்தான் இரண்டு பக்கமும் இணைப்புத் தையல். இணைப்புக்கு 10 மில்லிமீட்டர் விட்டால் வெள்ளையை 220-க்கு வெட்ட வேண்டும். காவியிலும் பச்சையிலும் இணைப்புக்கு 10, வெளி ஓர மடிப்புக்கு எவ்வளவு விடுகிறீர்களோ அவ்வளவு. இணைப்பில் துணியின் பிசிறு வெளியே தெரியாதபடி உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். கொடிக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, இரண்டும் முகம்தான். முதலில் கிழிவது காற்றில் படபடக்கும் கடைசி ஓரம். அங்கே இரண்டு மடிப்பு மடித்து மூன்று வரிசைத் தையல் போட்டால் ஆயுள் கூடும்.

சக்கரம் அச்சிடுவதில்தான் நிதானம் வேண்டும். ஆரங்கள் 24, ஒன்றுக்கொன்று 15 பாகை. ஓர் ஆரம் நேர் மேலே நோக்க வேண்டும். இரண்டு பக்கமும் அச்சிடுகிறவர்கள் முதல் பக்கம் காய்ந்ததும், அடியில் விளக்கு வைத்த கண்ணாடி மேசையில் துணியைத் திருப்பிப் போட்டு, தெரிகிற சக்கரத்தின் மேலேயே அச்சுச் சட்டத்தை வையுங்கள். இரண்டு பாகை தவறினாலும் மேசை மேல் தெரியாது. கம்பத்தில் ஏறி வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது ஒவ்வொரு ஆரத்துக்கும் பக்கத்தில் நிழல்போல இன்னோர் ஆரம் எழுந்து, 24 ஆரம் 48 ஆரமாகத் தெரியும். காவியும் ஆரஞ்சு, சிவப்பு என்று சாயாமல் இருக்க வேண்டும். சாயமிட்ட துணியை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் முதல் மழையிலேயே வெள்ளைப் பட்டை கெட்டுவிடும், அந்தத் துணியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீட்டு மாடியில் இரவிலும் பறக்கவிடலாமா? அடுக்குமாடி பால்கனியில் சாய்வாகக் கம்பு கட்டினால் எது மேல்?
வாசகர்கள் பலர்

இரவிலும் பறக்கவிடலாம். பொதுமக்கள் வீட்டிலும் திறந்த வெளியிலும் இரவு பகலாகப் பறக்கவிட 2022 ஜூலையில் நெறிமுறை திருத்தப்பட்டது. அதற்கு முன்பு சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான். குடிமக்கள் எல்லா நாளும் கொடியேற்றலாம் என்பதும் பழைய உரிமை அல்ல. 2002 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த கொடி நெறிமுறையில் அது கிடைத்தது. நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 ஜனவரி 23 அன்று, மரியாதையோடு கொடியேற்றுவது அரசியல் சாசனம் தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பால்கனிக் கம்பில் காவி, கம்பின் தூர முனையில் இருக்க வேண்டும். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வர வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் மாற்றிக் கட்டுகிறார்கள். மேடையில் கம்பத்தோடு வைத்தால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளரின் வலப்பக்கம் வையுங்கள். மேசை விரிப்பாகவோ தோரணமாகவோ பயன்படுத்தக் கூடாது. சங்கக் கொடி, கட்சிக் கொடி எதுவும் அதே கம்பத்தில் கூடாது. தேசியக் கொடிக்கு மேலாகவோ இணையான உயரத்திலோ பக்கத்தில் பறக்கவும் கூடாது.

என் காரில் சின்னக் கொடி வைத்துக்கொள்ளலாமா? மூவண்ணச் சட்டை?
வாசகர், நாகர்கோவில்

காரின் முன்புறம் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், பிரதமர், முதலமைச்சர், அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் போன்று நெறிமுறையில் பட்டியலிட்டவர்களுக்கு மட்டும். வண்டியின் கூரை, பக்கம், பின்புறம் ஆகியவற்றின் மேல் கொடியைப் போர்த்துவது யாருக்கும் அனுமதி இல்லை. சட்டையைப் பொறுத்தவரை, மூன்று நிறங்கள் இருப்பது வேறு, சக்கரத்தோடு கொடியையே அச்சடிப்பது வேறு. உடைத் துணி, கைக்குட்டை, தலையணை உறை ஆகியவற்றில் கொடியை அச்சிடவோ பின்னவோ கூடாது. இடுப்புக்குக் கீழே அணியும் உடையாக எந்த வகையிலும் கூடாது. 1971-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கொடியை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தலைவர் ஒருவர் மறைந்தால் எங்கள் சங்கக் கட்டடத்தில் அரைக்கம்பத்தில் பறக்கவிடுகிறோம். நேராகப் பாதி வரை ஏற்றினால் போதும்தானே?
குடியிருப்போர் சங்கச் செயலாளர், மதுரை

போதாது. முதலில் உச்சி வரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் பாதியிலிருந்து மறுபடி உச்சிக்கு ஏற்றித்தான் முழுவதும் இறக்க வேண்டும்.

யாருக்காக, எங்கே என்பதும் வரையறுக்கப்பட்டது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் மறைந்தால் நாடு முழுவதும். ஆளுநர், முதலமைச்சர் மறைந்தால் அந்த மாநிலம் முழுவதும். நெறிமுறைப் பட்டியலில் இல்லாத மற்றவர்களுக்கு அரசு அறிவித்தால்தான். ஆகவே சங்கம் தானாக முடிவு செய்ய வேண்டாம், துக்கத்தைத் தெரிவிக்கச் சங்கக் கொடியைத் தாழ்த்துங்கள். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் துக்கம் நேர்ந்தால், உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தில் மட்டும் அரைக்கம்பம். மற்ற இடங்களில் கொடி முழு உயரத்தில் பறக்கும். அரசு, இராணுவ மரியாதையில் உடல்மேல் போர்த்தும்போது காவி தலைப்பக்கம் இருக்கும். கொடியைக் குழிக்குள்ளோ சிதையிலோ விடமாட்டார்கள்.

1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஏற்றிய கொடி இப்போதும் இருக்கிறதா? முதலமைச்சர் கோட்டையில் கொடியேற்றும் வழக்கம் அன்றே தொடங்கியதா?
வாசகி, சென்னை

கொடி இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தூய பட்டு, 12 அடிக்கு 8 அடி. அன்று அதிகாலை 5.05-க்கு ஏற்றப்பட்டது. பொதுமக்கள் பார்வைக்கு 2013-ல் வைத்தார்கள். வெளிச்சமும் ஈரமும் பழைய பட்டின் எதிரிகள். அங்கே ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள்.

டெல்லியைப் பற்றி ஒரு திருத்தம். நேரு செங்கோட்டையில் முதன்முதலாகக் கொடியேற்றியது ஆகஸ்ட் 15 அல்ல, 16.

முதலமைச்சர் கொடியேற்றுவது 1974-ல் வந்தது. அதுவரை சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் ஆளுநர்தான் ஏற்றினார். சுதந்திர தினத்தில் டெல்லியில் பிரதமர் ஏற்றுகிறார், மாநிலத்தில் முதலமைச்சருக்கு ஏன் அந்த உரிமை இல்லை என்று அன்றைய முதலமைச்சர் கருணாநிதி பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். கோரிக்கை ஏற்கப்பட்டு, 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். குடியரசு தினம் ஆளுநருக்கு.

பழைய கொடிகளை என்ன செய்வது? நல்ல நிலையில் உள்ளதை எப்படி மடித்து வைப்பது?
இல்லத்தரசி, திருநெல்வேலி

அழுக்கு மட்டும்தான் என்றால் துவைக்கலாம். குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பு போட்டுத் தனியாக அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், வெயில் காவியைத்தான் முதலில் வெளுக்கும்.

கிழிந்தோ வெளுத்தோ போனதைப் பறக்கவிடக் கூடாது. தனிமையில், முழுக்கொடியாகவே, மரியாதையோடு எரிப்பது நெறிமுறை சொல்லும் முதல் வழி. மூன்று துண்டாகக் கிழித்துத் துடைக்கும் துணியாக்குவதோ குப்பையில் போடுவதோ கூடாது. பருத்தி சாம்பலாகிவிடும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், புகையும் காட்டமாக இருக்கும். திறந்த இடத்தில் இரும்புச் சட்டியில் ஒவ்வொன்றாக எரித்து, ஆறியதும் மிச்சத்தை மண்ணில் புதையுங்கள். குழந்தைகள் கையில் கொடுப்பது காகிதக் கொடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கொடி மக்காது. உள்துறை அமைச்சகமும் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. விழா முடிந்ததும் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே கிடப்பவற்றைப் பொறுக்கிவிடுங்கள்.

மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். கொடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடியுங்கள். இப்போது கையில் இருப்பது வெள்ளை நீளப்பட்டை. அதன் இரு முனைகளையும் சக்கரத்துக்கு அடியில் வரும்படி மடித்துக்கொண்டே வந்தால், மேலே சக்கரமும் ஓரங்களில் சிறிது காவியும் பச்சையும் மட்டும் தெரியும். அதை உள்ளங்கைகளில் ஏந்தி எடுத்துப்போய், வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். பூச்சி உருண்டை போடுவதாக இருந்தால் சின்னப் பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் வையுங்கள், கொடித் துணியைத் தொடக் கூடாது.